எலுமிச்சைச் சாறும் கொள்ளுத்தாத்தாவின் கடிதமும்: ஒரு புதையல் படத்தில் எது உண்மை?

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஒரு தாய் இங்கே கேட்டிருப்பதை, நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் எடுத்துச் சொல்லிவிடுகிறேன். பள்ளி விடுமுறையில் அவருடைய பன்னிரண்டு வயது மகனும் ஒன்பது வயது மகளும் 2004-இல் வெளிவந்த 'நேஷனல் ட்ரெஷர்' படத்தைப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்க விடுதலைச் சாசனத்தின் பின்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத துப்பு ஒன்று மறைந்திருப்பதாகவும், அதைப் பிடித்துக்கொண்டு ஒரு குடும்பம் பெரும்புதையலைக் கண்டடைவதாகவும் செல்லும் கதை அது. மறுநாள் மகன், நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்த கொள்ளுத்தாத்தாவின் கடிதம் ஒன்றை எடுத்து, அதன் பின்பக்கத்தில் எலுமிச்சைச் சாற்றைத் தடவி மெழுகுவத்திமேல் காட்ட, ஒரு மூலை கருகிவிட்டது. படத்தின் வரலாறு எவ்வளவு உண்மை, பழைய தாள்களில் அப்படி மறைந்த எழுத்து இருக்குமா, பினாங்கில் பிள்ளைகளுக்கு இப்படியொரு வேட்டையை அமைக்க முடியுமா என்று மூன்றாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சினிமா என்று சொல்லி முடித்துவிடவா?" என்று கடைசியில் எழுதியிருக்கிறார். அந்தக் கடைசி வரிதான் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது.

அப்படிச் சொல்லிவிடாதீர்கள் சகோதரி. நான் கோலாலம்பூரில் பழைய ஆவணங்களைச் செப்பனிடும் பணியில் 27 ஆண்டுகள் இருந்துவிட்டு, இப்போது ஓய்வு பெற்றுப் பினாங்கில் வாழ்கிறேன். தாள், ஓலை, தோல், மை ஆகியவை என் துறை. அமெரிக்க வரலாற்றையும் கல்வெட்டுகளையும் நூல்கள் வழியாக மட்டுமே அறிவேன். அந்த இடங்களில் அத்துறை அறிஞர்கள் நிறுவியதை மட்டும் சொல்கிறேன். என் துறையிலிருந்து பார்த்தால், அந்தப் படம் சிறிய செய்திகள் பலவற்றில் தவறுகிறது. பெரிய செய்தி ஒன்றில் சரியாக இருக்கிறது. ஓர் ஆவணத்தில் எழுதப்பட்டுள்ள சொற்களைப் போலவே அது எழுதப்பட்ட பொருளும் பேசும், அதன் பின்பக்கமும் மடிப்பும் கறையும்கூடச் செய்தி சொல்லும் என்பதுதான் அது. உங்கள் மகன் கடிதத்தைத் திருப்பிப் பார்த்தானே, அந்த எண்ணம் சரியானது. அவன் கையாண்ட முறைதான் தவறு.

எலுமிச்சையை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அந்தப் பெட்டியில் இன்னும் கடிதங்கள் இருக்கின்றன. வெள்ளைத் தாளில் எலுமிச்சைச் சாற்றால் எழுதிக் காயவிட்டுச் சூடு காட்டினால் எழுத்து பழுப்பாகத் தோன்றும் என்பது ஐயத்துக்கு இடமில்லாத உண்மை. சாற்றிலுள்ள அமிலமும் சர்க்கரையும் தாளைவிடக் குறைந்த சூட்டிலேயே கருகத் தொடங்குகின்றன. அதனால் சாறு பட்ட இடம் முதலில் நிறம் மாறுகிறது. இந்த வித்தையில் எலுமிச்சைதான் மை. படத்திலோ அதே சாறு, வேறொரு மறைமையை, அதாவது கண்ணுக்குத் தெரியாத மையை, வெளிக்கொணரும் திரவமாகப் பின்பக்கத்தில் தடவப்படுகிறது. பையன் கண்ணால் கண்டதை அப்படியே செய்திருக்கிறான். எதுவும் மறைத்து எழுதப்படாத தாளில் சாற்றைப் பூசியபோது, பூசிய இடம் முழுவதுமே மையாகிவிட்டது. சூடு பட்டதும் முழுவதுமாகக் கருகியது. இதை அவனுக்கு விளக்கிச் சொன்னால் போதும், கடிந்துகொள்ள வேண்டியதில்லை. புதிய வெள்ளைத் தாள் ஒன்றில் அவனையே எழுதச் சொல்லி, தீயைத் தவிர்த்து நீங்கள் உடனிருந்து இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டுங்கள். வித்தையும் நிறைவேறும், வீடும் தப்பும்.

விடுதலைச் சாசனம் எழுதப்பட்டிருப்பது தாளில் அல்ல, பதப்படுத்திய விலங்குத் தோலில். தோலில் ஈரமும் சூடும் சேர்ந்து பட்டால் அதன் நார்கள் சுருங்கிப் பசைபோல் ஆகிவிடும். அந்தச் சுருக்கத்தை எந்தச் செப்பனிடும் கலையாலும் மீட்க முடியாது. படத்தில் பயிற்சி பெற்ற காப்பாளர் ஒருவரே சாற்றைத் தொட்டுத் தடவும் காட்சியை என்னால் இன்றும் மனம் பதறாமல் பார்க்க முடிவதில்லை. ஆனால் அமெரிக்க விடுதலைப் போரில் மறைமை உண்மையாகவே பயன்பட்டது. ஜேம்ஸ் ஜே என்ற மருத்துவர் ஆக்கித் தந்த மையை ஜார்ஜ் வாஷிங்டனின் ஒற்றர்கள் கையாண்டார்கள். அது சூட்டுக்குத் தோன்றாது. அதற்கென்றே அமைந்த இரண்டாவது திரவத்தைப் பூசினால் மட்டுமே தோன்றும். சூட்டுக்குத் தோன்றும் மைகளை எதிரியும் அறிந்திருந்தான் என்பதால்தான் வாஷிங்டன் அதைப் பெரிதும் மதித்தார். அந்தக் காலத்து ஒற்றர்களுக்கே எலுமிச்சை பழைய வித்தையாகிவிட்டிருந்தது என்பதை உங்கள் மகன் விரும்பிக் கேட்பான்.

சாசனத்தின் பின்பக்கத்தில் ஏதாவது இருக்கிறதா என்றால், இருக்கிறது. "1776 ஜூலை 4 தேதியிட்ட மூல விடுதலைச் சாசனம்" என்னும் பொருளில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி, அடிப்பகுதியில் தலைகீழாக எழுதப்பட்டிருக்கிறது. சாதாரண மையில், எவரும் படிக்கும்படி இருக்கும் எழுத்து அது. பெரிய தோல் ஆவணங்களை அக்காலத்தில் சுருட்டி வைப்பார்கள். சுருளைப் பிரிக்காமலே உள்ளே இருப்பது எது என்று தெரிந்துகொள்ள வெளிப்புறத்தில் இட்ட அடையாளம் அது என்பதே பொருத்தமான விளக்கம். புதையல் வரைபடத்தை எதிர்பார்த்தவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். எனக்கு அப்படியில்லை. அந்த ஒரு வரி, இன்று கண்ணாடிக்குள் காவலோடு இருக்கும் அந்தத் தோல் ஒருகாலத்தில் சுருட்டப்பட்டு இடம் இடமாகத் தூக்கிச் செல்லப்பட்டது என்ற வாழ்க்கை வரலாற்றையே சொல்லிவிடுகிறது. முன்பக்கத்தின் கீழ் இடது மூலையில் ஒரு கையின் பதிவும் இருக்கிறது. அது யாருடையது, எப்போது விழுந்தது என்பது நிறுவப்படவில்லை. எழுத்து மங்கியதற்கான காரணங்களில் ஒன்று மட்டும் உறுதி. 1841 முதல் 1876 வரை 35 ஆண்டுகள் அது ஒரு அலுவலகச் சுவரில், எதிரே சன்னல் வெளிச்சம் படும்படி தொங்கியது. படியெடுப்பதற்காக ஈரத்தாளை ஒற்றி மையை எடுத்தார்கள் என்ற இன்னொரு காரணமும் சொல்லப்படுகிறது; அது ஊகமே. இரண்டாம் உலகப் போரின்போது 1941 டிசம்பரில் அதை ஃபோர்ட் நாக்ஸ் பொற்காப்பகத்துக்குக் கொண்டுசென்று 1944 வரை பாதுகாத்தார்கள் என்பது, படத்தில் இடம்பெறாத உண்மைச் சாகசம்.

படத்தின் மற்ற வரலாற்றுச் செய்திகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாசனத்தில் கையொப்பமிட்ட 56 பேரில் கடைசிவரை வாழ்ந்தவர் சார்ல்ஸ் கேரோல் என்பதும், அவர் 1832-இல் 95 வயதில் மறைந்தார் என்பதும் உண்மை. அவர் ஃப்ரீமேசன் என்னும் சகோதரத்துவச் சங்கத்தின் புதையல் ரகசியத்தைக் காத்தவர் என்பது கதைக்காகப் புனைந்தது. கையொப்பமிட்டவர்களில் அவர் ஒருவரே கத்தோலிக்கர், கத்தோலிக்கத் திருச்சபையோ 1738 முதல் அச்சங்கத்தைத் தடை செய்திருந்தது. வாஷிங்டனும் ஃபிராங்க்ளினும் அச்சங்க உறுப்பினர்கள் என்பது உண்மை. படத்தில் புதையலை முதலில் காத்தவர்களாக வரும் டெம்ப்ளர் வீரர்கள் (சிலுவைப்போர்க் காலத்துத் துறவுப் போர்வீரர்கள்) 1307 அக்டோபர் 13 வெள்ளிக்கிழமை பிரான்சில் கைது செய்யப்பட்டதும், 1312-இல் அந்த அமைப்பே கலைக்கப்பட்டதும் உண்மை. அவர்களுக்கும் நானூறு ஆண்டுகளுக்குப் பிறகு லண்டனில் தலைமை மன்றம் கண்ட ஃப்ரீமேசன்களுக்கும் தொடர்பு உண்டு என்பது 18-ஆம் நூற்றாண்டில் கிளம்பிய கதை, அதற்குச் சான்றுகள் இல்லை. ஃபிராங்க்ளின் தம் 16 வயதில், 1722-இல், ஒரு கைம்பெண்ணின் பெயரில் எழுதிய 14 கடிதங்கள் உண்மையானவை. அவற்றைச் சங்கேதத்துக்குத் திறவுகோலாக்கியது கதாசிரியரின் கற்பனை. புதையல் இருப்பதாகக் காட்டப்படும் நியூயார்க் டிரினிட்டி தேவாலயத்தின் முதல் கட்டடம் 1776 தீயில் அழிந்தது, இரண்டாவது இடிக்கப்பட்டது, இப்போது நிற்கும் மூன்றாவது 1846-இல் திறக்கப்பட்டது. ஒரே மனையில் இத்தனை முறை அடித்தளம் தோண்டியவர்கள் கண்ணில் படாமல் அவ்வளவு பெரிய நிலவறை இருந்திருக்க வழியில்லை. இந்தக் கடைசிச் செய்தியை மகனிடம் நீங்களே சொல்லாமல், தேவாலயம் எத்தனை முறை கட்டப்பட்டது என்று மட்டும் அவனைத் தேடச் சொல்லுங்கள். முடிவுக்கு அவனே வருவான்.

இனி மறைந்த எழுத்துக்கு வருகிறேன். நம் முன்னோரிடம் இதற்கு எலுமிச்சையைவிடச் சிறந்த சான்று உண்டு. பனையோலையில் எழுத்தாணியால் எழுதும்போது மை கிடையாது. ஓலையின் மேல்தோல் கீறப்படும், அவ்வளவுதான். புதிதாகக் கீறிய எழுத்து ஓலையின் நிறத்திலேயே இருப்பதால் நேராகப் பார்த்தால் எளிதில் தெரியாது. அதன்மேல் விளக்குக்கரியோடு கோவையிலைச் சாறு, ஊமத்தையிலைச் சாறு போன்றவற்றைச் சேர்த்துத் தடவித் துடைத்தால், கீறலுக்குள் மட்டும் கருமை தங்கி எழுத்து எழுந்து நிற்கும். இதற்கு மையாடல் என்று பெயர். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது அவன் ஓலைக்கு மை தடவும் சடங்காகவும் இது இருந்தது. ஒருமுறை ஒரு குடும்பத்தார் பூசை அறையில் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்த ஓலைக்கட்டு ஒன்றை என்னிடம் கொண்டுவந்தார்கள். முதல் சில ஏடுகளில் பாடல்கள். பின்னால் உள்ள ஏழு ஏடுகள் வெற்றேடுகள் என்று எல்லாரும் நம்பியிருந்தார்கள். அறையை இருட்டாக்கி, விளக்கை ஓலைக்குப் பக்கவாட்டில், கிட்டத்தட்டக் கிடைமட்டமாகப் பிடித்தேன். அந்தச் சாய்ந்த ஒளியில் ஒவ்வொரு கீறலும் தன் நிழலோடு எழுந்தது. ஏழு ஏடுகளும் நிறைய எழுத்து. படித்துப் பார்த்தபோது அது நெல் கடன் கணக்கு: யாரிடம் எத்தனை கலம், எத்தனை மரக்கால், எது திரும்பியது என்று. அதைக் கேட்டுக்கொண்டிருந்த அந்த வீட்டுப் பாட்டி, கணக்கில் வந்த ஒரு ஊர்ப்பெயரைக் கேட்டதும் அழுதுவிட்டார்; தம் தகப்பனார் பிறந்த ஊரின் பெயர் அதுதான் என்றும், அதை மறந்து நாற்பது ஆண்டுகள் ஆயின என்றும் சொன்னார். என் பணிக்காலத்தில் நான் கண்ட புதையல்களுள் அதைத்தான் முதலில் வைப்பேன்.

ஆகவே உங்கள் பெட்டியில் உள்ள கடிதங்களுக்கு எந்தத் திரவமும் வேண்டாம், எந்தச் சூடும் வேண்டாம்; ஒளி போதும். மேசைமேல் சுத்தமான வெள்ளைத் துணி விரித்து, கைகளைக் கழுவித் துடைத்துக்கொண்டு, ஒரே ஒரு தாளை வைத்து, இருட்டில் டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடிக்கட்டும். அழுத்தி எழுதிய பேனாவின் தடமும், மேலே வைத்து எழுதிய வேறொரு கடிதத்தின் பள்ளங்களும்கூடச் சில வேளைகளில் தென்படும். அடுத்து அதே தாளைப் பகலில் சன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால், தாள் ஆலை இட்ட நீர்க்குறி தெரியலாம். தேதியில்லாத கடிதத்துக்குக் காலம் குறிக்க அது உதவும். பழைய எழுத்து மங்கியிருந்தால், அது இரும்பு கலந்த கடுக்காய் மை போன்ற மையாக இருக்கும் நிலையில், புற ஊதா ஒளியில் கருமையாக எழும்பும். இதை வீட்டில் செய்ய வேண்டாம், பயிற்சி உள்ளவர்களிடம் விடுங்கள். பிள்ளைகள் பார்க்க வேண்டியவை வேறு நிறைய இருக்கின்றன: அஞ்சல் முத்திரையின் ஊரும் நாளும், ஓரத்தில் குண்டூசித் துளை இருந்தால் அதனோடு இணைத்திருந்த தாள் எங்கே என்ற கேள்வி, மடிப்பின் அளவைக் கொண்டு அது சட்டைப்பையில் இருந்ததா உறையில் இருந்ததா என்ற ஊகம், பின்பக்கத்தில் யாரோ போட்ட மளிகைக் கணக்கு. கொள்ளுத்தாத்தாவின் தலைமுறையில் 1926 முதல் ஓடிய ரஜூலா கப்பலின் பயணச்சீட்டையும், ஜப்பானியர் அச்சிட்ட வாழைமர நோட்டையும் வைத்திருந்த குடும்பங்கள் நம்மிடையே பல. அந்த நோட்டுகள் 1945-இல் ஒரே நாளில் வெறும் தாளாயின. ஒரு கட்டு முழுவதும் செலவழியாமல் இருந்தால், அந்த வீட்டில் அப்போது யார் என்ன நம்பிக்கையோடு சேமித்தார்கள் என்பதையும் பிள்ளைகள் கேட்டுப் பார்க்கலாம்.

பினாங்கில் ஒரு வேட்டையை அமைக்க முடியுமா என்ற கேள்விக்கு, எனக்கு மகிழ்ச்சி தரும் பதில் இருக்கிறது; உங்கள் ஊரிலேயே தொடங்கலாம். புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் ஆலய வளாகத்தில் உள்ள செரோக் தோக்குன் பாறையைத் திருவிழாக் கூட்டத்தில் எத்தனையோ பேர் கடந்து செல்கிறார்கள். ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட, பல்லவ எழுத்தைச் சார்ந்த வரிகள் அதில் வெட்டப்பட்டிருக்கின்றன. கேப்டன் ஜேம்ஸ் லோ என்பவர் 1840-களில் அதை வெளியுலகுக்கு அறிவித்தார். வரிகள் மிகவும் தேய்ந்துவிட்டதால் வாசிப்பில் அறிஞர்களிடையே முழு ஒப்புமை இல்லை. அதே லோ 1834-இல் செபராங் பிறையின் வடபகுதியில் கண்டெடுத்த கற்பலகை இன்னும் தெளிவானது. நடுவில் தூபி வடிவம்; அதைச் சுற்றிலும் சமஸ்கிருத எழுத்து. இரத்தமிருத்திகம் என்ற ஊரைச் சேர்ந்த புத்தகுப்தன் என்னும் பெருநாவிகன், தன் பயணம் வெற்றி பெறவேண்டும் என்று வேண்டி வைத்த கல் அது. எழுத்தின் வடிவத்தைக் கொண்டு 5-ஆம் நூற்றாண்டு என்று கணிக்கிறார்கள். அந்த ஊர்ப்பெயருக்குச் செம்மண் என்று பொருள். வங்காளத்தின் முர்ஷிதாபாத் பகுதியில் உள்ள ஓரிடமே அது என்பது பலர் ஏற்கும் கருத்து, ஆனால் முடிந்த முடிபு என்று அதைச் சொல்லமாட்டேன். கல் இப்போது கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பயணம் நல்லபடி முடியவேண்டும் என்று கடல் கடந்து வந்த ஒருவன் கல்லில் எழுதிவைத்த மண்ணில்தான் உங்கள் கொள்ளுத்தாத்தாவும் கப்பலிறங்கினார் என்பதை மகளிடம் சொல்லுங்கள்.

பெர்ரி ஏறிப் பினாங்குக்கு வந்தால் ஜார்ஜ்டவுனில் இன்னொரு துப்பு காலடியிலேயே கிடக்கிறது. கடலையே பார்க்காமல் ஒரு வீதி ஏன் பீச் ஸ்திரீட் என்று பெயர் பெற்றது என்று பிள்ளைகளைக் கேளுங்கள். 1880-களில் தொடங்கிய நிலமீட்புக்கு முன்பு கடல் அந்த வீதியின் கடைகளுக்குப் பின்புறம்வரை வந்தது. இன்று கடலோரமாகச் செல்லும் வெல்ட் கீ சாலை அதற்குப் பிறகு எழுந்தது. பழைய வரைபடத்தையும் இன்றைய வரைபடத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் பழைய கரை கண்ணில் படும். "கரையிலிருந்து இருபது அடி" என்று ஒரு பழைய ஓலை சொன்னால் எந்தக் கரை என்று கேட்கும் பழக்கம் இதிலிருந்துதான் வரும். படங்களில் யாரும் இதைக் கேட்பதில்லை. கோர்ன்வாலிஸ் கோட்டையில் நிற்கும் ஃபிரான்சிஸ் லைட் சிலையும் அப்படிப்பட்டதே. 1786-இல் தீவில் குடியேற்றத்தைத் தொடங்கிய லைட்டின் உருவப்படம் கிடைக்காததால், 1936-இல் சிலை செய்தபோது அவருடைய மகன் வில்லியமின் சாயலை வைத்துச் செய்தார்கள். சிலையின் பெயர் தந்தையுடையது, முகம் மகனுடையது. ஒரு துப்பை எழுத்தளவில் நம்பக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் பினாங்கில் இல்லை. அதே லைட், காட்டை வெட்டத் தயங்கிய ஆட்களை ஊக்குவிக்க வெள்ளி நாணயங்களைப் பீரங்கியில் திணித்துக் காட்டுக்குள் சுட்டார் என்ற கதையைப் பிள்ளைகள் பள்ளியிலேயே கேட்டிருப்பார்கள். அது செவிவழிச் செய்தி என்று சொல்லியே சேர்த்துக்கொள்ளுங்கள்.

சங்கேதத்துக்கு ஃபிராங்க்ளினின் கடிதங்கள் நமக்குத் தேவையில்லை, திருக்குறள் போதும். படத்தில் வருவதைப் போலவே மூன்று மூன்றாக எண்களைக் கொடுங்கள்: முதல் எண் குறள், இரண்டாவது சீர், மூன்றாவது எழுத்து. 1-1-2, 10-2-5, 10-2-6 என்று எழுதினால், முதல் குறளின் முதல் சீரான 'அகர' என்பதில் இரண்டாம் எழுத்து க, பத்தாம் குறளின் இரண்டாம் சீரான 'பெருங்கடல்' என்பதில் ஐந்தாம் எழுத்து ட, ஆறாம் எழுத்து ல், சேர்த்தால் கடல். ஒவ்வொரு குறளுக்கும் ஏழு சீர் என்று உறுதியாக இருப்பதால் எண்ணுவதில் குழப்பம் வராது. இருவரும் ஒரே பதிப்பை வைத்திருப்பது மட்டும் முக்கியம், ஏனென்றால் பழைய உரையாசிரியர்களிடையே குறள் வரிசையில் வேறுபாடு உண்டு. உலகில் எந்த நூற்சங்கேதமும் இந்த ஒரு நிபந்தனையில்தான் நிற்கிறது, விழுகிறது. எண்களைத் தமிழ் எண்ணுருவில் எழுதினால் இன்னும் சுவை கூடும். 1833 என்பதைப் பழைய முறையில் ௲௮௱௩௰௩ என்று எழுதுவார்கள். எட்டின் உரு அகரத்தைப் போலவே இருப்பதால் பிள்ளைகள் முதலில் ஏதோ சொல் என்றே நினைப்பார்கள். குவீன் ஸ்திரீட் மகா மாரியம்மன் ஆலயம் எழுந்த ஆண்டு அது. அதையே 'விஜய வருடம்' என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் புதிர் கடினமாகும். அறுபது ஆண்டுச் சுழற்சியில் 1833, 1893, 1953, 2013 ஆகிய நான்குமே விஜய ஆண்டுகள். எது சரி என்று முடிவு செய்ய வேறொரு சான்று தேவை என்பதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்கட்டும். எங்கள் துறையில் நாங்கள் நாள்தோறும் செய்ததும் அதைத்தான்.

மெய்யான புதையல் பற்றிய தமிழ்ச் சான்று வேண்டுமென்றால், தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி இருக்கிறது. 1025 அளவில் நடந்த கடற்படையெடுப்பில் கடாரத்து அரசனை யானைகளோடு பிடித்ததையும், அவன் சேர்த்துவைத்த பெரும்பொருட்குவியலைக் கைக்கொண்டதையும், வித்தியாதர தோரணம் என்ற வாயிலையும் மணிகள் பதித்த கதவுகளையும் அது சொல்கிறது. கல்வெட்டு அப்படிச் சொல்கிறது என்பது உறுதி. பட்டியலில் வரும் ஒவ்வோர் ஊரும் இன்று எது, அந்தக் குவியல் எவ்வளவு என்பவை உறுதியில்லாதவை. அரசன் வெட்டுவித்த புகழுரையில் மிகையும் இருக்கலாம். கடாரம் இன்றைய கெடா என்பதைப் பெரும்பாலோர் ஏற்கின்றனர். கெடாவில் பழைய கோயில் எச்சங்கள் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கு உங்கள் வீட்டிலிருந்து ஒரு பகல் பயணம்தான். அங்கே போனால் பொன்னும் மணியும் இருக்காது; செங்கல் அடித்தளங்களும், மண்கல உடைசல்களும், சுங்கை பத்துவில் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சமும் இருக்கும். அந்தச் செங்கற்களைப் புதையலாக எண்ணாததால் நாம் இழந்தது உண்டு: சண்டி 11 என்று பதிவான கோயில் எச்சம் 2013-இல் நிலமேம்பாட்டு வேலையில் இடிக்கப்பட்டுவிட்டது. அதைக் கேள்விப்பட்ட நாள் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. கையில் எடுத்த வேலையை அன்று என்னால் தொடர முடியவில்லை.

இதனால்தான் வேட்டைக்கு ஒரு விதி வைக்கச் சொல்கிறேன்: தோண்டக் கூடாது, சுரண்டக் கூடாது, எதையும் எடுத்துவரக் கூடாது, பார்ப்பது, அளப்பது, வரைவது, படமெடுப்பது மட்டுமே. இதற்குச் சட்டமும் துணை நிற்கிறது. 2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம், அதற்கு முன்பிருந்த 1957-ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்துக்கும் 1976-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்கும் மாற்றாக வந்தது. பண்பாட்டு மதிப்புள்ள பொருள் என்று கருதத்தக்க ஒன்றைக் கண்டெடுப்பவர், உடனே மரபுடைமை ஆணையரிடமோ மாவட்ட அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும். படத்தின் நாயகனும் இறுதியில் புதையலைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் உலக அருங்காட்சியகங்களுக்குக் கொடுத்துவிடுகிறான். பிள்ளைகள் அந்தக் காட்சியை வேகமாகக் கடந்துவிடுவார்கள். நீங்கள் அங்கே நிறுத்தி அவர்களோடு பேசலாம்.

கருகிய கடிதத்தைப் பற்றி ஒன்றே ஒன்று பாக்கி. கருகிய மூலை உதிரக்கூடும் என்பதால் அதைத் தட்டவோ நிமிர்த்தவோ வேண்டாம். செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள். நம் வீடுகளில் பழைய ஆவணங்கள் கெடுவதற்குக் கரையானுக்கும் இராமபாணப் பூச்சிக்கும் அடுத்தபடியாக இந்த இரண்டுமே காரணம். தடவிய சாறு தாளுக்குள் அமிலமாகத் தங்கியிருக்கிறது, ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த இடம் மேலும் பழுப்பாகி நொறுங்கும். அதற்காக நீங்களே தண்ணீரில் கழுவிவிடவும் கூடாது. அந்தக் காலத்துக் கடிதங்கள் பல ஈரம் பட்டால் ஊதாவாகக் கசியும் மைப்பென்சிலால் எழுதப்பட்டவை. இரண்டு அமிலமற்ற தாள்களுக்கு நடுவே தட்டையாக வைத்து, சமையலறையும் குளியலறையும் ஒட்டாத அறையில் வைத்திருங்கள். முன்பின் இரு பக்கங்களையும் இன்றே படமெடுத்துவிடுங்கள். கோலாலம்பூர் வரும்போது தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள செப்பனிடும் பிரிவினரிடம் காட்டி ஆலோசனை கேளுங்கள், மகனையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அதற்கு முன்பு, அந்தக் கடிதத்தின் பின்பக்கத்தில் என்ன இருந்தது என்று இங்கே எழுதுங்கள். மகன் அதைத் திருப்பியபோது ஏதோ ஓர் எண் வரிசை தெரிந்ததாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். அது தமிழ் எண்ணுருவாக இருந்தால் படித்துச் சொல்ல நான் ஆவலோடு காத்திருக்கிறேன்.